வீட்டு ரவுட்டரில் ஒரு பென் டிரைவ்: நாம் பூட்ட மறக்கும் இரண்டாவது கதவு

என் ராத்தா மகளின் நிக்காஹ் முடிந்து பத்து நாள் கழித்து, போட்டோகிராபர் 64 ஜிபி பென் டிரைவ் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். படங்கள், வீடியோ எல்லாம் அதில்தான். அன்றிலிருந்து அந்தப் பென் டிரைவுக்கு ஓய்வே இல்லை. காலையில் பெரியம்மா வீட்டு டிவியில் இருக்கும். மாலையில் சம்பந்தி வீட்டு லேப்டாப்பில் இருக்கும். யாரிடம் இருக்கிறது என்று தேடுவதே ஒரு வேலையாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் மங்கிவிடுகிறது. இரண்டு மணி நேர வீடியோவை அப்படி அனுப்பவும் வழியில்லை.

கல்லூரியில் படிக்கும் என் மூத்த மகன்தான் ஒரு யோசனை சொன்னான். "வாப்பா, நம்ம ரவுட்டர் பின்னாடி யுஎஸ்பி போர்ட் ஒண்ணு சும்மாதானே கிடக்கு. பென் டிரைவை அதுல சொருகிட்டா, வீட்டுல யார் போன்ல வேணும்னாலும் பார்க்கலாம்." சொன்னபடியே செய்தான். சிறிது நேரத்தில் உம்மா தன் கட்டிலில் அமர்ந்தபடியே பேத்தியின் கல்யாண வீடியோவைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். "பாஸ்வேர்டு போட்டிருக்கேன்" என்று மகன் சொன்னதால் நானும் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

மூன்று வாரம் போனது. பக்கத்து வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருவன் இருக்கிறான். ஆன்லைன் வகுப்புக்காக நம் வைஃபை பாஸ்வேர்டை அவனுக்குக் கொடுத்திருந்தோம். அவன் ஒருநாள் வெள்ளந்தியாக வந்து சொன்னான்: "ஹஜ்ரத், உங்க வீட்டுக் கல்யாண வீடியோ என் போன்ல தெரியுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்நிய ஆண்களின் பார்வையில் படக்கூடாது என்பதற்காகவே பெண்கள் பகுதிக்குத் தனியாக ஒரு பெண் போட்டோகிராபரை அமர்த்தி எடுத்த படங்களும் அதே பென் டிரைவில் இருந்தன. நம்மை நம்பிப் படத்துக்கு நின்ற எத்தனையோ வீட்டுப் பெண்பிள்ளைகளின் அமானிதம் அது.

அந்தப் பிள்ளையின் மீது குற்றம் இல்லை. அவன் எதையும் உடைத்து உள்ளே போகவில்லை. பாஸ்வேர்டு போட்டதாகச் சொன்ன என் மகனும் பொய் சொல்லவில்லை. அவன் ஒரு கதவைப் பூட்டியிருந்தான். அதே ரவுட்டரில் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது.

நான் மத்ரஸாவில் ஓதியவன். பிறகு வாங்கிய பட்டமும் கலைப் பிரிவில்தான். கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். ஆனாலும் அந்த இரண்டாவது கதவு எது என்று தேடப்போய்ச் சில விஷயங்களைக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. இந்த வசதி நல்ல வசதிதான். முறையாகப் பயன்படுத்தினால் குடும்பத்துக்கு மிகவும் உதவும். எப்படி அமைப்பது, எப்படிப் பூட்டுவது என்ற இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ரவுட்டருக்குள் என்ன நடக்கிறது?

வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவரும் ரவுட்டர் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதற்குள் பிராசசர் உண்டு, மெமரி உண்டு. பெரும்பாலான ரவுட்டர்களில் லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. அதனால்தான் அதன் யுஎஸ்பி போர்ட்டில் ஒரு பென் டிரைவையோ ஹார்ட் டிஸ்க்கையோ சொருகினால், அதில் உள்ளவற்றை வைஃபை வழியாக மற்ற கருவிகளுக்குப் பங்கிட அதனால் முடிகிறது.

இப்படிப் பங்கிடுவதற்கு ஒரு பேச்சுமுறை வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர். விண்டோஸ் அல்லாத கருவிகளும் இதே முறையில் பேசுவதற்காக, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்பவர் 1992 இல் ஒரு மென்பொருளை வெளியிட்டார். அதற்குப் பெயர் வைக்க, எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகளும் வரும் சொற்களைத் தேடி, 'சாம்பா' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால் ரவுட்டர் தயாரிப்பாளர்கள் பலரும் அதைத் தம் கருவிகளில் சேர்த்துக்கொண்டார்கள். ரவுட்டர் செட்டிங்ஸில் 'சாம்பா' என்ற சொல்லைப் பார்த்தால் அது இதுதான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இப்படிப் பார்க்கும் படமும் வீடியோவும் இன்டர்நெட் வழியாக வருவதில்லை. ரவுட்டரிலிருந்து நேராக உங்கள் போனுக்கு வருகின்றன. எனவே டேட்டா செலவாகாது. வெளியே கேபிள் அறுந்து இன்டர்நெட் நின்றுபோனாலும், ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும், வீட்டுக்குள் இது வேலை செய்யும்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் உங்கள் ரவுட்டரில் யுஎஸ்பி போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் எல்லாப் போர்ட்டும் ஃபைல் பகிர உதவாது. சில ரவுட்டர்களில் அது டாங்கிளுக்கோ பிரிண்டருக்கோ மட்டும் வைக்கப்பட்டிருக்கும். இன்டர்நெட் நிறுவனமே கொடுத்த ரவுட்டராக இருந்தால், அந்த வசதியை அவர்கள் மூடிவைத்திருக்கவும் கூடும்.

அடுத்து மின்சாரம். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரை கொடுக்க வேண்டும், யுஎஸ்பி 3.0 போர்ட் 900 வரை. பென் டிரைவுக்கு இது தாராளம். ஆனால் உள்ளே தட்டு சுழலும் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க், ஓடத் தொடங்கும்போது இதைவிட அதிகமாகக் கேட்கலாம். அப்போது அது டிக் டிக் என்று சத்தமிட்டுவிட்டு நின்றுவிடும்; சில வேளை ரவுட்டரே ரீஸ்டார்ட் ஆகும். அப்படி நடந்தால், தனி அடாப்டர் உள்ள ஹார்ட் டிஸ்க்கோ, தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப்போ தேவைப்படும்.

மூன்றாவது, பென் டிரைவின் ஃபார்மேட். 32 ஜிபி வரையுள்ள பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் வரும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை வைக்க முடியாது. கல்யாண வீடியோ பெரும்பாலும் அதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். 64 ஜிபி முதல் வருபவை எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கும். பழைய ரவுட்டர்கள் பலவற்றுக்கு அதைப் படிக்கத் தெரியாது. என்டிஎஃப்எஸ் முறையைப் பல ரவுட்டர்கள் ஏற்கின்றன. உங்கள் ரவுட்டர் எதை ஏற்கும் என்று அதன் கையேட்டைப் பார்த்துவிட்டு ஃபார்மேட் செய்யுங்கள். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். எனவே முன்னதாக எல்லாவற்றையும் வேறோர் இடத்தில் காப்பி எடுத்து, அது சரியாகத் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அமைக்கும் முறை

ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அதன் முகவரி எண் இருக்கும். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்பது போல இருக்கும். வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும் போனிலோ லேப்டாப்பிலோ பிரவுசரைத் திறந்து, அந்த எண்ணை அடித்தால் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கம் வரும். அதற்கான யூசர் பெயரும் பாஸ்வேர்டும் அதே ஸ்டிக்கரில் இருக்கலாம்.

உள்ளே போனதும் யுஎஸ்பி, ஸ்டோரேஜ், ஃபைல் ஷேரிங், சாம்பா என்ற சொற்களில் ஏதாவது ஒன்று உள்ள பகுதியைத் தேடுங்கள். பென் டிரைவின் பெயரும் அளவும் அங்கே தெரிந்தால் ரவுட்டர் அதை அடையாளம் கண்டுகொண்டது என்று பொருள். அங்கே ஒரு யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் உருவாக்கி, பகிரும் வசதியை ஆன் செய்யுங்கள்.

விண்டோஸ் லேப்டாப்பில் பார்க்க: ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, மேலே உள்ள முகவரிப் பட்டியில் \\192.168.1.1 என்று உங்கள் ரவுட்டரின் எண்ணை இரண்டு சாய்கோடுகளுடன் அடித்து என்டர் தட்டுங்கள். யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். கொடுத்ததும் ஃபோல்டர்கள் தெரியும். அடிக்கடி தேவைப்பட்டால், ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து 'மேப் நெட்வொர்க் டிரைவ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் அது லேப்டாப்பிலேயே ஒரு டிரைவ் போலத் தோன்றும்.

ஆண்ட்ராய்டு போனில் பார்க்க: சாம்சங் போன்களில் உள்ள 'மை ஃபைல்ஸ்' செயலியில் நெட்வொர்க் ஸ்டோரேஜ் சேர்க்கும் வசதி உண்டு. மற்ற போன்களில் வீடியோ பார்க்க மட்டும் என்றால் விஎல்சி செயலி போதும். அது வீட்டு நெட்வொர்க்கில் என்னென்ன பகிரப்படுகிறது என்று தானே தேடிக் காட்டும். ஆண்ட்ராய்டு டிவியிலும் இதே செயலியை நிறுவிக்கொள்ளலாம்.

ஐபோனில் பார்க்க: 2019 இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் இந்த வசதி ஐபோனிலேயே இருக்கிறது. 'ஃபைல்ஸ்' செயலியில் 'பிரவுஸ்' பக்கத்துக்குப் போய், மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'கனெக்ட் டு சர்வர்' என்பதில் ரவுட்டரின் எண்ணைக் கொடுக்க வேண்டும்.

இணையவில்லை என்றால்

லேப்டாப்பில் எல்லாம் சரியாக அடித்தும் உள்ளே போக முடியவில்லை என்றால், அநேகமாக ரவுட்டர் பழையதாக இருக்கும். எஸ்எம்பி முறையில் பல தலைமுறைகள் உண்டு. பழைய ரவுட்டர்கள் பல, முதல் தலைமுறையான எஸ்எம்பி1 மட்டுமே பேசும். அதில் பெரிய பாதுகாப்புக் குறைகள் உள்ளன. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்ற வைரஸ், இந்த எஸ்எம்பி1 இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது. ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவும் அதில் முடங்கின. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், புதிதாக நிறுவும் கம்ப்யூட்டர்களில் மைக்ரோசாஃப்ட் எஸ்எம்பி1 ஐச் சேர்ப்பதில்லை.

"விண்டோஸில் எஸ்எம்பி1 ஐ ஆன் செய்தால் போதும்" என்று யூடியூபில் சொல்லித் தருபவர்கள் உண்டு. வேலை செய்யும், ஆனால் மூடிய ஓட்டையை நாமே திறந்துவிடுகிறோம். அதற்குப் பதிலாக ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். அப்டேட் செய்தபின் எஸ்எம்பி2 அல்லது எஸ்எம்பி3 தெரிவு வரலாம். வராவிட்டால் அந்த ரவுட்டரில் இந்த வசதியை விட்டுவிடுவதே நல்லது.

பாஸ்வேர்டு இல்லாமல் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று விட்டிருந்தாலும் சிக்கல் வரலாம். விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு, அப்படிப்பட்ட 'கெஸ்ட்' நுழைவை இயல்பாகவே ஏற்பதில்லை. அது நம் நன்மைக்குத்தான். பாஸ்வேர்டு போட்டுவிட்டால் அந்தச் சிக்கல் தீரும்.

அந்த இரண்டாவது கதவு

இப்போது எங்கள் வீட்டில் நடந்ததற்கு வருகிறேன். என் மகன் பாஸ்வேர்டு போட்டது சாம்பாவுக்கு. அது சரியாகவே பூட்டப்பட்டிருந்தது. ஆனால் அதே செட்டிங்ஸ் பக்கத்தில், சற்றுக் கீழே, 'மீடியா சர்வர்' என்று இன்னொரு வசதி இருந்தது. பென் டிரைவைச் சொருகியதும் அது தானாகவே ஆன் ஆகியிருந்தது.

இதற்கு டிஎல்என்ஏ என்று பெயர். சோனி முதலிய பல நிறுவனங்கள் 2003 இல் சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு இது. வீட்டில் உள்ள டிவி, மியூசிக் சிஸ்டம் போன்றவை எந்தச் சிரமமும் இல்லாமல் படங்களையும் பாடல்களையும் வீடியோக்களையும் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும் என்பதே அதன் நோக்கம். டிவி ரிமோட்டில் பாஸ்வேர்டு அடிப்பது கஷ்டம் அல்லவா? எனவே இந்த முறையில் பொதுவாகப் பாஸ்வேர்டே கேட்பதில்லை. ரவுட்டர், பென் டிரைவ் முழுவதையும் அலசி, அதில் உள்ள ஒவ்வொரு படத்தையும் வீடியோவையும் பட்டியலிட்டு, அந்த வைஃபையில் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் காட்டிவிடும். எந்த ஃபோல்டரில் ஒளித்து வைத்தாலும் தேடி எடுத்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை விஎல்சி செயலியைத் திறந்தபோது, அது இந்தப் பட்டியலைத்தான் அவனுக்குக் காட்டியது. வைஃபை பாஸ்வேர்டு ஒன்றே போதுமாக இருந்தது.

யோசித்துப் பாருங்கள். நம் வைஃபை பாஸ்வேர்டு எத்தனை பேரிடம் இருக்கிறது? விருந்துக்கு வந்த மச்சான், டியூஷன் படிக்க வரும் பிள்ளைகள், மாடியில் குடியிருப்பவர், பெயின்ட் அடிக்க வந்தவர் என்று யார் யாருக்கோ கொடுத்திருப்போம். இன்டர்நெட்டை மட்டும் கொடுப்பதாக நினைத்துத்தான் கொடுத்தோம். ரவுட்டரில் பென் டிரைவைச் சொருகிய நாளிலிருந்து அதே பாஸ்வேர்டு வீட்டு அலமாரியின் சாவியாகவும் ஆகிவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் ஸலாம் சொல்லி, அனுமதி கிடைத்த பிறகே உள்ளே போக வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். அந்த வாசலைச் சரியாக வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு.

பூட்டும் முறை

அன்று இரவு மகனும் நானும் உட்கார்ந்து செய்தவை இவை. நீங்களும் இதே வரிசையில் செய்யலாம்.

ஒன்று, மீடியா சர்வரை ஆஃப் செய்யுங்கள். டிவிக்காக அது வேண்டும் என்றால், பென் டிரைவ் முழுவதையும் காட்டாமல் ஒரு ஃபோல்டரை மட்டும் காட்டும் தெரிவு சில ரவுட்டர்களில் உண்டு. பயான் ஆடியோ, பிள்ளைகளின் பாட வீடியோ போன்றவற்றை மட்டும் அந்த ஃபோல்டரில் வையுங்கள்.

இரண்டு, ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்கான பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஸ்டிக்கரில் உள்ளதையே வைத்திருந்தால், வீட்டுக்குள் வந்துபோகும் யாரும் அதைப் பார்த்து உள்ளே போய் எல்லாப் பூட்டையும் திறந்துவிடலாம்.

மூன்று, வந்துபோவோருக்கு 'கெஸ்ட் நெட்வொர்க்' ஒன்றைத் தனியாக உருவாக்குங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் இந்த வசதி இருக்கிறது. அதில் இணைபவர்களுக்கு இன்டர்நெட் கிடைக்கும். பென் டிரைவ் தெரியாது. கெஸ்ட்டுகள் வீட்டு நெட்வொர்க்கை அணுகலாம் என்று அதில் ஒரு தெரிவு இருந்தால், அது ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதை அமைத்த பிறகு பழைய வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வகுப்பை நாங்கள் நிறுத்தவில்லை. கெஸ்ட் பாஸ்வேர்டை அவனுக்குக் கொடுத்துவிட்டோம்.

நான்கு, ரவுட்டர் அனுமதித்தால், ஃபோல்டர்களைப் பிரித்து ஆளுக்கு ஏற்ப உரிமை கொடுங்கள். பிள்ளைகளுக்குப் பார்க்க மட்டும் அனுமதி, அழிக்க அனுமதி வேண்டாம். சின்னப் பிள்ளை கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால், நெட்வொர்க் வழியாக அழிக்கப்பட்டது பெரும்பாலும் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும்.

ஐந்து, வெளி இன்டர்நெட்டிலிருந்து பென் டிரைவை அணுகும் வசதி எதையும் ஆன் செய்யாதீர்கள். ரிமோட் ஆக்சஸ், எஃப்டிபி, கிளவுட் டிஸ்க் என்று ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒவ்வொரு பெயரில் அது இருக்கும்.

இந்த ஐந்தாவதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. தைவானைச் சேர்ந்த ஆசுஸ் நிறுவனத்தின் ரவுட்டர்களில், யுஎஸ்பி ஸ்டோரேஜை வெளியிலிருந்தும் பார்க்கும் வசதி இருந்தது. அதில் பாதுகாப்புக் குறைகள் இருந்தன. அந்தச் சேவைகளில் ஒன்றின் ஆரம்ப செட்டிங்ஸே, இன்டர்நெட்டில் உள்ள எவரும் அந்த ஸ்டோரேஜைத் திறந்து பார்க்கும்படி இருந்தது. 2014 பிப்ரவரியில், 12,900 க்கும் மேற்பட்டவர்களின் ஸ்டோரேஜுக்குள் ஹேக்கர்கள் நுழைந்துவிட்டார்கள். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேடு கமிஷன் இதை விசாரித்தது. 2016 இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அந்த நிறுவனம் 20 ஆண்டுகளுக்குத் தன் பாதுகாப்பு ஏற்பாடுகளை வெளியாரின் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும் என்று ஆனது. எங்கள் வீட்டில் பார்த்தது பக்கத்து வீட்டுப் பிள்ளை. அந்த வீடுகளில் பார்த்தவர்கள் யாரென்றே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

"அப்படியென்றால் துபாயில் இருக்கும் தம்பிக்கு எப்படிக் காட்டுவது?" என்று உம்மா கேட்டார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக வீட்டுக் கதவைத் திறந்துவைக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டிய படங்களை மட்டும் எடுத்து, கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் ஏற்றி, அவர்களின் மெயில் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். 15 ஜிபி வரை இலவசம். லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற தெரிவைத் தவிர்த்துவிடுங்கள்.

இதுமட்டும் போதாது

எல்லாவற்றையும் பூட்டியாயிற்று. ஆனாலும் மூன்று விஷயங்களை மறந்துவிடக் கூடாது.

முதலாவது, நாம் போட்ட பாஸ்வேர்டு நெட்வொர்க் வழியாக வருபவரைத்தான் தடுக்கும். ரவுட்டர் பெரும்பாலும் ஹாலில் இருக்கிறது. பென் டிரைவைக் கையால் உருவி வேறொரு கம்ப்யூட்டரில் சொருகினால், எந்தப் பாஸ்வேர்டும் கேட்காமல் எல்லாம் திறக்கும். ரவுட்டரைப் பழுது பார்க்கவோ மாற்றவோ ஆள் வரும்போது பென் டிரைவை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். ஆதார், பாஸ்போர்ட், பத்திரம், பேங்க் பாஸ்புக் ஆகியவற்றின் நகல்களை இதில் வைக்கவே வேண்டாம்.

இரண்டாவது, இது பேக்கப் ஆகாது. பலர் பார்க்க வசதியாக இருக்கும் ஒரே ஒரு பிரதிதான் இது. பென் டிரைவ் எப்போது வேண்டுமானாலும் செயலிழக்கலாம். வீட்டு லேப்டாப்பில் பணம் பறிக்கும் வைரஸ் நுழைந்தால், அதில் டிரைவாக இணைத்துவைத்த நெட்வொர்க் ஃபோல்டரையும் சேர்த்தே பூட்டிவிடும். எனவே இன்னொரு பிரதியை வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, எதிலும் சொருகாமல் பீரோவில் வையுங்கள். முடிந்தால் அதை வேறொரு வீட்டில், ராத்தா வீட்டிலோ காக்கா வீட்டிலோ வைப்பது இன்னும் நல்லது. வெள்ளமோ திருட்டோ இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் வருவது அரிது.

மூன்றாவது, மின்தடை. ஃபைல் எழுதப்படும் நேரத்தில் கரண்ட் போனால், அந்த ஃபைல் மட்டுமன்றி மொத்த ஃபார்மேட்டும் கெட்டுப்போகலாம். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் இருப்பவர்கள், ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றை வாங்கி வைக்கலாம். பென் டிரைவை எடுக்கும்போதும் சட்டென்று உருவ வேண்டாம். செட்டிங்ஸ் பக்கத்தில் 'சேஃப்லி ரிமூவ்' என்பதை அழுத்தி, அது முடிந்தபிறகு எடுங்கள்.

கூடவே ஒரு சின்னக் குறிப்பு: யுஎஸ்பி 3.0 கருவியைச் சொருகியபின் வைஃபை மந்தமானால் ரவுட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். யுஎஸ்பி 3.0 எழுப்பும் அலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு இடையூறு செய்யும் என்று இன்டெல் நிறுவனம் 2012 லேயே விளக்கியிருக்கிறது. போன்களை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்தாலோ, ரவுட்டரில் அந்தப் போர்ட்டை யுஎஸ்பி 2.0 வேகத்துக்குக் குறைத்தாலோ சரியாகிவிடும்.

எங்கள் வீட்டில் இப்போது

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உம்மாவிடம் என் மனைவி பேசினாள். அவன் போனில் எதுவும் சேமிக்கப்படவில்லை என்று அவர்களே பார்த்து உறுதி செய்தார்கள். அவன் வந்து சொன்னதற்கு நான் அவனுக்கு நன்றி சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கலாம்.

பெண்கள் பகுதியில் எடுத்த படங்களை ரவுட்டரிலிருந்து எடுத்துவிட்டோம். அவை இரண்டு பிரதிகளாக, ஒன்று ராத்தாவிடமும் இன்னொன்று மணப்பெண்ணிடமும் இருக்கின்றன. பார்க்க விரும்பும் பெண்கள் அங்கே போய்ப் பார்க்கிறார்கள். ஆண்கள் பகுதி நிக்காஹ் வீடியோவும், வாப்பாவின் பழைய பயான் ஆடியோக்களும், பிள்ளைகளின் பாடங்களும் ரவுட்டரில் இருக்கின்றன. இவற்றை யார் பார்த்தாலும் நமக்குச் சங்கடம் இல்லை.

எதை ரவுட்டரில் வைப்பது என்று முடிவு செய்ய நான் இப்போது வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். வீட்டுக்கு வந்த விருந்தாளி ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது மேசை மேல் வைக்கக்கூடியதா? அப்படியானால் ரவுட்டரில் வைக்கலாம். அறைக்குள் பீரோவில் வைக்க வேண்டியதா? அப்படியானால் பீரோவிலேயே இருக்கட்டும்.

உங்கள் ரவுட்டரிலும் ஏதாவது சொருகியிருந்தால் இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். வைஃபை பாஸ்வேர்டு மட்டும் தெரிந்த ஒரு போனில் விஎல்சியைத் திறந்து, வீட்டு நெட்வொர்க்கில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. பாஸ்வேர்டு கேட்காமலேயே உங்கள் குடும்பப் படங்கள் தெரிந்தால், இன்று இரவே மீடியா சர்வரை ஆஃப் செய்துவிடுங்கள். மற்றவற்றை இன்ஷா அல்லாஹ் நிதானமாக ஒவ்வொன்றாகச் செய்துகொள்ளலாம்.